எந்தத் தசை வேலை செய்கிறது? ஜிம்முக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 43. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பேன். கிருத்திகைக்குக் கிருத்திகை சுவாமிமலை போகிற பழக்கம் உண்டு. அங்கே மொத்தம் 60 படிகள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த 60 படியை இறங்குவதற்குள் வலது முழங்கால் வலி தாங்காமல், கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிற்க வேண்டியதாயிற்று.

டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார். எலும்பில் குறை இல்லை, தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏற்றுங்கள் என்றார். ஜிம்மில் சேர்ந்து ஏழு மாதம் விடாமல் போனேன். லெக் பிரஸ்ஸில் (உட்கார்ந்தபடி காலால் எடையைத் தள்ளுகிற மெஷின்) 20 கிலோவில் ஆரம்பித்து 70 வரை வந்துவிட்டேன். முழங்கால் வலி அப்படியே இருந்தது. கூடவே அடிமுதுகிலும் பிடிப்பு வந்து சேர்ந்தது.

அப்புறம்தான் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண். குப்புறப் படுக்கச் சொல்லி, வலது பக்கப் பிட்டத்தில் இரண்டு விரலை அழுத்தி வைத்து, “அக்கா, இந்த எடத்த மட்டும் இறுக்குங்க பாப்போம்” என்றார். பின்தொடை இறுகியது. இடுப்பு இறுகியது. பல்லைக்கூடக் கடித்தேன். அவர் விரல் வைத்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. ஏழு மாதமாக நான் தள்ளிய எடையில் பெரும்பங்கை முன்தொடையும் அடிமுதுகும் சுமந்திருக்கின்றன. உடம்பிலேயே பெரிய தசை பிட்டத்தில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு கோளாறும் இல்லை, அதைக் கூப்பிடத்தான் எனக்குத் தெரியவில்லை.

எந்தத் தசை வேலை செய்ய வேண்டுமோ அங்கே கவனத்தை வைத்து அதை இறுக வைப்பது, பழகினால் யாருக்கும் வருகிற காரியம். சொல்ல ஆள் இல்லாததால் எனக்கு ஏழு மாதமும் கொஞ்சம் பணமும் போயிற்று. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. சேர்வதற்கு முன்: காகிதங்கள்

ஜிம்மில் என்னிடம் கேட்டவை மூன்றுதான்: ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்று, பூர்த்தி செய்த படிவம். படிவத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கட்டிய பணம் திரும்பாது, அடிபட்டால் நிர்வாகம் பொறுப்பில்லை என்கிற வரிகள் என் படிவத்தில் பின்பக்கம்தான் இருந்தன.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்கள் கொண்டுபோக வேண்டியது டாக்டர் சீட்டு. நாற்பதைத் தாண்டியவர்கள், பிரஷர், சுகர், இதயக் கோளாறு, குடலிறக்கம் உள்ளவர்கள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள், மூட்டிலோ முதுகிலோ ஏற்கெனவே வலி உள்ளவர்கள் இது இல்லாமல் எடையைத் தொடவே கூடாது. டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எடை தூக்கலாமா? எந்த அசைவைத் தவிர்க்க வேண்டும்? பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னது மாஸ்டரிடம் போய்ச் சேரும்போது வேறாகிவிடும்.

பிரஷரும் சுகரும் பார்க்கத் தனியாகச் செலவழிக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் காலையில் போனால் இலவசமாகப் பார்த்துவிடுவார்கள். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் பார்த்துக்கொள்ளலாம். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வலி இருக்கிறதா? அப்படியானால் ஜிம்முக்கு முன்பே பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். எனக்கு ஒரு தடவைக்கு 300 ரூபாய், ஆறு தடவைக்கு 1,800 ஆனது. அதைத்தான் நான் முதலில் செலவழித்திருக்க வேண்டும்.

2. ஜிம் பார்க்கப் போகும்போது

புதிதாகப் போகிறவர்கள் ஏசி இருக்கிறதா, டிரெட்மில் எத்தனை என்று பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, இருப்பதிலேயே சின்ன எடை எது என்பது. 1 கிலோ, 2 கிலோ டம்பெல் உண்டா? 1.25 கிலோ பிளேட் உண்டா? கேபிள் மெஷினில் குறைந்தபட்ச எடை எவ்வளவு? இந்த வழிகாட்டியில் இருப்பது முழுக்க லேசான எடையில் தொடங்குகிற வேலை. 5 கிலோவுக்குக் கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் பழகுவது சிரமம்.

பக்கவாட்டில் நின்று தன் உடம்பைப் பார்க்கிற மாதிரி கண்ணாடி இருக்க வேண்டும். பாட்டு காதைப் பிளக்கக்கூடாது. கூட்டம் குறைவான நேரம் எது என்று கேளுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் இருந்தால் அந்த நேரத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நான் பார்த்த ஒரு ஜிம்மில் அந்த நேரத்தில் மாஸ்டரே இருக்க மாட்டார், சாவி மட்டும் இருந்தது.

பெண்களுக்கு இன்னொன்று. தசையைக் கண்டுபிடிக்கத் தொடுதல் ரொம்ப உதவும். பெண் மாஸ்டர் இல்லாத இடத்தில் யாரும் உங்களைத் தொட்டுக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் கையே போதும், அல்லது கூட வருகிற தோழியின் கை. நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு சேர்ந்தேன். ஒருவருக்கொருவர் முதுகில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டோம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணத்தில் பெரிய பொறி, வருஷக் கட்டணம். நான் சேர்ந்த இடத்தில் சேர்க்கைக்கு 500, மாதம் 700. ஒரே தடவையாக வருஷத்துக்குக் கட்டினால் 6,000 என்றார்கள். லாபம் என்று நினைத்துக் கட்டினேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தண்ணீர் நின்றது, வீட்டிலும் ஆள் மாற்றி ஆளுக்குக் காய்ச்சல். இரண்டரை மாதம் போக முடியவில்லை. அந்த நாட்களை அவர்கள் நீட்டித்துத் தரவில்லை. முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டுங்கள். வயல் வேலை உள்ளவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் போக முடியாத வாரங்களை முன்பே சொல்லி, அந்த நாட்கள் கழிக்கப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். டெல்டாவில் குறுவை அறுவடையும் சம்பா நடவும் அடுத்தடுத்து வந்து ஆளை விழுங்கிவிடும் என்பது உங்களுக்கே தெரியும்.

முதல் நாளே புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

3. முதல் பத்து நாள்: வீட்டில், பாயில்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். இதைத் தாண்டி நேராக 4-க்குப் போகாதீர்கள்.

வேண்டியவை ஒரு கோரைப்பாய், உடற்பயிற்சிக்கென்று விற்கிற ஒரு ரப்பர் பேண்ட் (நான் வாங்கியது 250 ரூபாய்), ஒரு சுவர். தினமும் 15 நிமிஷம். போன் வேறு அறையில் இருக்கட்டும்.

பிட்டம்: மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிட்டத்தின் பக்கவாட்டில் வையுங்கள். இடுப்பைத் தூக்காமல், படுத்தபடியே அந்த இடத்தை இறுக்கப் பாருங்கள். விரலுக்கடியில் தசை கெட்டியாக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம், எனக்கு நான்காம் நாள்தான் தெரிந்தது. இறுகியதும் மூச்சை விட்டுக்கொண்டே இடுப்பை மேலே தூக்குங்கள். மேலே இரண்டு எண்ணிக்கை நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். 10 தடவை, மூன்று சுற்று.

இதில் இரண்டு தவறு வரும். பின்தொடை சுருண்டு பிடித்தால் வேலையைப் பின்தொடை எடுத்துக்கொள்கிறது என்று பொருள். குதிகாலைப் பிட்டத்துக்கு இன்னும் பக்கமாக இழுத்து வைத்துச் செய்யுங்கள். அடிமுதுகு வலித்தால் இடுப்பை அளவுக்கு மீறித் தூக்கி முதுகை வளைக்கிறீர்கள். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே கோடாக வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

இடுப்பின் பக்கத் தசை: ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, பேண்டை முழங்காலுக்குச் சற்று மேலே மாட்டுங்கள். பாதங்கள் ஒட்டியே இருக்க, மேல் முழங்காலை மட்டும் சிப்பி திறப்பதுபோலத் திறந்து மூடுங்கள். உட்கார்ந்து எழும்போது முழங்கால் உள்பக்கமாகச் சாயாமல் பிடித்துக்கொள்கிற வேலையில் இந்தத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு முழங்கால் வலி குறைந்ததில் பாதிப் பெருமை இதற்குத்தான்.

முதுகு: ஜிம்மில் விங்ஸ் என்று சொல்கிற பகுதி. கண்ணால் பார்க்க முடியாத தசை என்பதால் புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான் அதிகம். நம் தெருக்களில் அடிபம்பு அடித்திருப்பீர்கள். கைப்பிடியை மேலிருந்து கீழே அழுத்தும்போது அக்குளுக்குக் கீழே, முதுகின் ஓரத்தில் ஒன்று இறுகுமே, அதுதான். அடிபம்பு பக்கத்தில் இருந்தால் ஒரு குடம் தண்ணீர் அடித்துப் பாருங்கள். வலது கையால் அடிக்கும்போது இடது கையை வலது அக்குளுக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். பம்பு இல்லாதவர்கள் ஜன்னல் கம்பியின் மேல்பக்கம் பேண்டைக் கட்டி, கையை நீட்டியபடியே தொடை வரை கீழே இழுக்கலாம்.

ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்தத் தசை மேல்கை எலும்பில் போய் ஒட்டுகிறது, உள்ளங்கை வரை போவதில்லை. ஆகவே உள்ளங்கையால் இழுப்பதாக நினைத்தால் முன்கையும் மேல்கையின் முன்தசையான பைசெப்ஸும் முந்திக்கொள்ளும். விரல்களை வெறும் கொக்கியாக மாட்டிவிட்டு, முழங்கையை இடுப்புப் பக்கம் கொண்டுபோவதாக நினையுங்கள்.

மார்பு: கும்பிடுவதுபோலக் கை சேர்த்து, ஒரு உள்ளங்கையால் இன்னொன்றை அழுத்துங்கள். மார்பின் நடுப்பக்கம் இறுகும். அதே அழுத்தத்தோடு கைகளை மெதுவாக முன்னால் நீட்டி மடக்குங்கள். அப்புறம் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுங்கள், அதே இறுக்கத்தைத் தேடுங்கள்.

வயிற்றுக்கு ஒரு இருமல் போதும். இருமும்போது எது இறுகுகிறதோ அதை இருமாமல் இறுக்கப் பழகுங்கள்.

பத்து நாள் ஆனதும் சோதனை: விரல் வைக்காமல், கண்ணை மூடி, பிட்டத்தை இடது, வலது என்று மாற்றி மாற்றித் தனியாக இறுக்க வருகிறதா? விங்ஸை எடை இல்லாமல் இறுக்க வருகிறதா? வந்தால் ஜிம்முக்குப் போகலாம். வராவிட்டால் இன்னும் ஐந்து நாள். பணம் கட்டியாயிற்றே என்று அவசரப்படாதீர்கள். இதற்காகத்தான் இந்தப் பத்து நாளையும் முடித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள் என்கிறேன்.

4. எடையைக் குறைத்து வையுங்கள்

ஒரு எடையை உங்களால் தொடர்ந்து 20 தடவை தூக்க முடியும் என்றால், அதில் 12 தடவை மட்டும் செய்யுங்கள். முதல் மூன்று வாரம் இதுதான் அளவு.

காரணம் இருக்கிறது. 2016-ல் வெளியான ஒரு ஆய்வில், ஏற்கெனவே பழகிய 18 ஆண்களைப் பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தள்ளுவது) செய்ய வைத்து, தசையின் மின்சாரத்தைத் தோலின் மேல் ஒட்டிய கருவியால் அளந்தார்கள். மார்பில் கவனம் வை என்றபோது மார்புத் தசையின் வேலை கூடியது, மேல்கையின் பின்தசையான ட்ரைசெப்ஸில் கவனம் வை என்றபோது ட்ரைசெப்ஸின் வேலை கூடியது. ஆனால் அது 60 சதவீத எடை வரைக்கும்தான். ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதத்தைக் கொடுத்தபோது, எங்கே கவனம் வைத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. பாரம் கூடும்போது உடம்பு இருக்கிற பலத்தை எல்லாம் திரட்டித்தான் ஆக வேண்டும், ஆள் பார்த்து வேலை கொடுக்க அதற்கு இடமில்லை.

உங்கள் உச்ச எடை என்ன என்று தெரிந்துகொள்ள இப்போதே தூக்கிப் பார்க்காதீர்கள். புதியவர்கள் அடிபடுவது அங்கேதான். எட்டு தடவைக்கு மேல் முடியாத எடை சுமார் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

பக்கத்தில் இருக்கிற பையன் பிளேட்டை ஏற்றிக்கொண்டே போவான். “என்னண்ணே, அதே எடையா?” என்று கேட்பார்கள், பெண்களிடம் கேட்காமலே கூட ஒரு பிளேட்டை மாட்டிவிடுவார்கள். கழற்றி வைத்துவிட்டு உங்கள் எடையிலேயே செய்யுங்கள்.

5. ஒரு செட்டுக்குள் என்ன செய்வது

செட் என்றால் இடைவிடாமல் செய்கிற ஒரு சுற்று. செட்டுக்கு முன்னால் பத்து நொடி. இந்த அசைவுக்கு உரிய தசையை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, எடை இல்லாமல் ஒருமுறை இறுக்குங்கள். அப்புறம் பிடியுங்கள்.

தூக்கும்போது இரண்டு எண்ணிக்கை, இறக்கும்போது மூன்று எண்ணிக்கை. இறக்கும்போது தசை நீள்வதை உணர வேண்டும். தொப்பென்று விட்டால் பாதிப் பயிற்சி வீண். தூக்கும்போது மூச்சை விடுங்கள், இறக்கும்போது இழுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் பிரஷர் சட்டென்று ஏறும், பிரஷர்காரர்கள் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணாதீர்கள். நான் எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் மனம் முழுக்க 12-லேயே இருக்கும், தசையில் இருக்காது. தோழி எண்ணட்டும். தனியாக இருந்தால் இரண்டு கவனத்தையும் சேர்த்துப் பழகச் சில வாரம் ஆகும்.

எட்டாவது தடவையில் வேறு எங்காவது இறுகத் தொடங்கினால், உதாரணமாக முதுகுக்கு இழுக்கும்போது தோள் காதுக்கு ஏறினால், செட் அங்கேயே முடிந்தது. 12 வரை போக வேண்டியதில்லை. செட்டுக்கு இடையே இரண்டு நிமிஷம் உட்காருங்கள். அந்த இரண்டு நிமிஷத்தில் போனை எடுத்தால் அடுத்த செட்டில் மனம் திரும்ப வராது. இது என் அனுபவம்.

சுருக்கென்று குத்துகிற வலி, மூட்டுக்குள் வலி, மரத்துப்போவது இவை தசை வேலை செய்கிற அடையாளம் அல்ல, உடனே நிறுத்துங்கள். நெஞ்சில் அழுத்தம், மயக்கம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை. மறுநாளோ மூன்றாம் நாளோ தசையில் வருகிற பொதுவான வலி சகஜம். ஆனால் அந்த வலி இல்லாவிட்டால் பயிற்சி வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

6. தசையை மறந்துவிட வேண்டிய இடம்

இதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவள் ஆவேன்.

என் தம்பி அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் (நெல் மூட்டை) தூக்குகிறவன். ஒரு சிப்பம் 40 கிலோ. அவனிடம் போய் “தூக்கும்போது எந்தத் தசையில் நினைப்பு இருக்கும்?” என்று கேட்டேன். “நினைப்பு லாரி மேலதான்க்கா இருக்கும். காலத் தரையில நல்லா ஊணிட்டு எந்திரிக்கணும், அவ்வளவுதான்” என்றான். அவன் சொன்னது சரி. பலமும் வேகமும் வேண்டிய வேலையில் கவனம் உடம்புக்கு வெளியே இருந்தால்தான் நன்றாக வருகிறது என்று கேப்ரியேல் வுல்ஃப் என்கிற ஆய்வாளரும் மற்றவர்களும் பல வருஷமாகக் காட்டியிருக்கிறார்கள். குதிப்பவர் தன் தொடையை நினைப்பதைவிடத் தரையைத் தள்ளுவதை நினைத்தால் உயரமாகக் குதிக்கிறார்.

ஆகவே பாரை (எடை மாட்டுகிற நீளமான இரும்புக் கம்பி) வைத்துச் செய்கிற பஸ்கி (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கிற எடையைத் தூக்கி நிமிர்வது) போன்ற பல மூட்டுகள் சேர்ந்து செய்கிற பயிற்சிகளில் எடை கூடிவிட்டால், தசையைத் தேடாதீர்கள். தரையைக் காலால் தள்ளு, பாரை நேராக மேலே கொண்டுபோ, இது போதும். தசையைத் தேடுவது முன்னால் செய்கிற லேசான செட்டுகளில். என் வரிசை இதுதான்: முதலில் பாயில் செய்த அதே பிட்டப் பயிற்சி ஒரு சுற்று, அப்புறம் வெறும் கையோடு பஸ்கி ஒரு சுற்று, இரண்டிலும் கவனம் தசையில். அதன்பிறகு எடையோடு செய்யும்போது கவனம் தரையில்.

ஒரு மூட்டு மட்டும் அசைகிற பயிற்சிகளில் கடைசி வரை தசையிலேயே இருக்கலாம். பிராட் ஷோன்ஃபெல்ட் என்கிற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சியே இல்லாத 30 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து எட்டு வாரம் பழக்கினார்கள். ஒரு குழுவுக்குத் தசையை இறுக்கச் சொன்னார்கள், இன்னொன்றுக்கு எடையை மேலே கொண்டுவரச் சொன்னார்கள். மேல்கையின் முன்தசை முதல் குழுவில் 12.4 சதவீதம் தடித்தது, இரண்டாவதில் 6.9. முன்தொடையில் மட்டும் அப்படி ஒரு தெளிவான வித்தியாசம் வரவில்லை. எல்லாத் தசையும் ஒரே மாதிரி இணங்காது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் உணர்வு வரவில்லை என்று நீங்கள் கலங்க வேண்டாம்.

7. நோட்டு

30 ரூபாய் நோட்டு ஒன்று போதும். கடைக் கணக்குப்போல ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, பயிற்சி, எடை, எத்தனை தடவை, எங்கே உணர்ந்தேன். கடைசிக் கட்டம்தான் முக்கியம். ‘விங்ஸ், நன்றாக’, ‘முன்கை மட்டும்’, ‘அடிமுதுகு, நிறுத்தினேன்’ என்று இரண்டு சொல்லில் எழுதுங்கள்.

தொடர்ந்து மூன்று முறை சரியான தசையின் பெயர் அந்தக் கட்டத்தில் வந்தால் எடையை ஒரு படி ஏற்றலாம். ஏற்றிய அன்றே வேறு இடம் வந்தால், மறுபடி இறக்குங்கள். எனக்கு லெக் பிரஸ் 70 கிலோவிலிருந்து 25-க்கு இறங்கியது. மறுபடி 70-ஐத் தொட ஐந்து மாதம் ஆனது. அந்த 70-ல் முழங்கால் வலிக்கவில்லை.

8. எத்தனை நாள், எந்த நேரம்

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு நாள். உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்கள் வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. இரண்டாம் மாதத்திலிருந்து மூன்று நாள். ஒரே தசைக்கு நடுவில் 48 மணி நேரம் ஓய்வு கொடுங்கள். 45 நிமிஷத்துக்கு மேல் இருந்தால் என்னால் கவனத்தைப் பிடித்து வைக்க முடிவதில்லை, உங்களுக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து இன்னொரு மாற்றம் வேண்டும். லேசான எடையில் தசையை உணர்ந்துகொண்டே காலத்தை ஓட்டிவிட்டால் பலம் ஏறாது. முயற்சி கூடக் கூடத்தான் நரம்பு மண்டலம் பெரிய தசை நார்களை வேலைக்குக் கூப்பிடும். எனவே ஒவ்வொரு செட்டிலும் கடைசி இரண்டு மூன்று தடவை சிரமமாக இருக்கிற அளவுக்கு எடை இருக்கட்டும், அசைவு மட்டும் கெடக்கூடாது. பலர் நின்றுவிடுகிற இடம் இது. முதல் மாதத்துச் சுகத்தில் இருந்துவிடாதீர்கள்.

நேரம்: சித்திரை, வைகாசியில் தகரக் கூரை போட்ட ஜிம்முக்கு மாலை நான்கு மணிக்குப் போகாதீர்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரம் என்று நான் போனேன், இரண்டாவது செட்டிலேயே தலை சுற்றியது. புழுக்கத்தில் மனம் தசையில் நிற்காது. காலை ஆறுக்கு மாற்றிக்கொண்டேன். போவதற்கு அரை மணி முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீர். மழைக் காலத்தில் போக முடியாத வாரங்களில் பாயும் பேண்டும் இருக்கிறது. 3-ல் சொன்னதை வாரம் இரண்டு நாள் செய்துகொண்டிருந்தால் பழகியது மறக்காது.

9. சாப்பாடு

சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு. எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரிகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். 60 கிலோ உள்ளவருக்கு அது 96 கிராம். சோறே பிரதானமாகச் சாப்பிடுகிற நம் வீடுகளில் இது தானாக வராது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம். சுண்டல், உளுந்து, பயறு, மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஒன்று தட்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது.

10. மூன்றாம் மாதக் கடைசியில்

பிசியோதெரபிஸ்ட்டிடம் தொடங்கியவர்கள் இன்னொரு 300 ரூபாய் ஒதுக்கி, மறுபடி ஒருமுறை போங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள், மருந்துச் சீட்டைவிட அதை அவர் ஆர்வமாகப் பார்ப்பார். கிட்டத்தில் படி இருக்கிற கோயில் எது என்றாலும், முதல் வாரம் ஒருமுறையும் கடைசி வாரம் ஒருமுறையும் ஏறி இறங்கி, எந்தப் படியில் என்ன உணர்ந்தீர்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள்.

நான் போன அன்றைக்கு அந்தப் பெண் பழையபடி குப்புறப் படுக்கச் சொன்னார். அதே இடத்தில் அதே இரண்டு விரல். “இறுக்குங்கக்கா” என்றார். இறுக்கினேன். “விரலத் தள்ளுது” என்று சொல்லிவிட்டு, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று நோட்டில் எழுதிக் கொடுத்தார்.